தோய்க்கும் அறையில் ஓர் எழுதுமேசை

யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அவ்வீடுகளில் நெல்லுக்கு இடம் உண்டு. சுவாமிக்கு இடம் உண்டு. மாட்டுக்கும் வைக்கோலுக்கும் வளவிலே தனித்தனி இடம் உண்டு. எழுதுவதற்கென்று ஓர் அறை இராது. உடுப்புத் தோய்ப்பதற்கென்றும் ஓர் அறை இராது. வீட்டுக்காரர் கடிதம் எழுத வேண்டுமானால் விறாந்தையிற் கிடந்த மேசையில் எழுதினார். எழுத்தே தொழிலானவர் கந்தோருக்குப் போய் எழுதினார். அன்றாட உடுப்புகள் கிணற்றடியிலே கல்லில் அடிபட்டன. வேட்டியும் சேலையும் மூட்டையாக வெளியே போய், வெளுத்து மடித்துத் திரும்பி வந்தன. ஆக, இவ்விரண்டு தொழில்களும் பெரும்பாலும் வீட்டுக் கூரைக்கு வெளியே நடந்தவை. இன்று இரண்டும் ஒருங்கே உள்ளே நுழைந்துவிட்டன. அவை நுழைந்த வீடோ பழைய வீட்டின் விறாந்தையளவு கூட இல்லாத வீடு. இவற்றை ஓர் அறையிற் குடியிருத்துவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். சலவை இயந்திரத்துக்கு இலக்கியப் பக்கத்தில் என்ன வேலை என்று முகஞ்சுழிக்கும் புலவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

உண்மையில் வெளுத்தலும் எழுத்தும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. குறுந்தொகையின் 330ஆம் பாட்டிலே, ஆடைக்குப் பசையிட்டு அடித்துக் குளத்து நீரில் இடுகின்ற ஒருத்தி வருகிறாள். நீரில் இட்ட பின்னும் பிரியாமற் கிடக்கும் அந்த ஆடையின் முறுக்கைப் போலப் பகன்றையின் வெண்பூ தோன்றுகிறது என்பது அங்கே உவமை. தோய்க்கும் துறையில் நின்று பார்த்த ஒருவருக்கன்றி அவ்வுவமை வாய்த்திருக்காது. இன்னொன்று: சேங்கொட்டைச் சாற்றினால் துணியின் மூலையில் இடப்படும் குறி எத்தனை தரம் தோய்த்தாலும் அழியாது. வீட்டுக்கு ஒரு குறியாக, ஊர் முழுவதன் உடுப்புகளையும் பிரித்தறிந்து உரியவரிடம் சேர்ப்பித்த அந்த அடையாளங்கள் ஒரு வகை எழுத்தே. ‘வண்ணான் குறி’ என்று நாம் அதை இளக்காரமாகச் சொல்லிவந்தோம். அதை அறிந்தவரை எழுத்தறிந்தவராக மதிக்கவில்லை. அவர் நம் வீட்டுப் படியேறவும் விடவில்லை.

வீட்டு அழுக்கை ஒரு சாதியாரின் தலையில் ஏற்றி அனுப்பிய காலத்தில், தோய்ப்பதற்கு எவ்வளவு நேரமும் நீரும் முதுகெலும்பும் செலவாகின்றன என்று கணக்குப் பார்க்கும் தேவை வீட்டுக்காரருக்கு இருக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் அந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனது மிக நல்ல காரியம். ஆனால், இறக்கி வைக்கப்பட்ட மூட்டை எங்கே போயிற்று? அது வீட்டுக்குள் வந்தது. வீட்டுக்குள்ளும் அது எல்லாருடைய தலையிலும் சமமாக ஏறவில்லை. இந்தக் கேள்வியைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, அறையைப் பார்ப்போம்.

கொழும்பிலே வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் மூன்றாந் தட்டில் நாங்கள் நால்வர் வசிக்கிறோம்: நான், கணவர், உயர்தரம் படிக்கும் மகன், மாமி. குசினிக்குப் பின்புறமாக 10 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்ட ஓர் அறை உண்டு. கட்டியவர் வரைபடத்தில் அதற்கு இட்ட பெயர் ‘வேலைக்காரர் அறை’. கொழும்பின் தொடர்மாடிகள் பலவற்றில் இப்படியோர் அறை இருக்கக் காணலாம். ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு வடிகால், உயரத்தில் ஒரு சிறு யன்னல், இவ்வளவுதான். மலையகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட எத்தனை சிறுமிகள் இத்தகைய அறைகளில் பாய் விரித்துப் படுத்து, பிறர் வீட்டு உடுப்புகளைத் தோய்த்துப் பிள்ளைப் பருவத்தைக் கழித்தார்கள் என்பது எழுதப்படாத சரித்திரம். எங்கள் வீட்டில் அவ்வறை சலவை இயந்திரத்துக்கு உரியதாயிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு ஊரடங்கும் வந்தபோது, என் மேசையும் கதிரையும் அங்கே குடிபுகுந்தன.

அந்நாட்களைப் பிற ஆசிரியர்களும் மறந்திருக்கமாட்டார்கள். கைத்தொலைபேசியைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்து இலக்கணம் கற்பித்தவர்கள் இருந்தார்கள். நடு அறையிற் கணவரின் அலுவலகக் கூட்டம், படுக்கையறையில் மகனின் வகுப்பு, மண்டபத்தில் மாமியின் தொலைக்காட்சி. கதவு உள்ளதும் ஆள் இல்லாததுமாக வீட்டில் எஞ்சியிருந்தது அந்த ஓர் அறைதான். ஊரடங்கு நீங்கியது, பாடசாலை திறந்தது, மேசை திரும்பி வரவில்லை. தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்துவதும், பாடக் குறிப்பு எழுதுவதும், இத்தகைய கட்டுரைகளை எழுதுவதும் இன்றும் அங்கேதான்.

இனி, அனுபவத்தில் அறிந்தவற்றைச் சொல்கிறேன். வீட்டலங்காரப் படங்களிலே சலவை இயந்திரத்தின் மேல் ஒரு பலகையைப் பொருத்தி அதையே எழுதுமேசையாகக் காட்டுவார்கள். பார்வைக்கு அழகுதான். முன்புறம் கதவுள்ள இயந்திரத்தின் உயரம் ஏறத்தாழ 85 சென்ரிமீற்றர். கதிரையில் இருந்து எழுதுவதற்கு 75 சென்ரிமீற்றர் போதும். அப்பலகையில் எழுதுபவர் தோளைத் தூக்கிக்கொண்டே எழுத வேண்டும். முழங்காலை வைக்க இடமும் இராது. நின்றுகொண்டு உடுப்பு மடிக்கவோ ஸ்திரிக்கை போடவோ அது மிக வாய்ப்பானது. இருந்து எழுத உதவாது. மேற்புறம் திறக்கும் இயந்திரமானால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே மேசை தனியே, யன்னலோரமாக, இயந்திரம் குழாயோரமாக, இரண்டுக்கும் இடையே குறைந்தது ஒரு சாண் வெளி. இவ்வெளி வீணன்று. பிழியும்போது இயந்திரத்தின் உருளை நிமிடத்துக்கு 1200 தரம், அதாவது வினாடிக்கு 20 தரம் சுழல்கிறது. மேசையின் கால் அதைத் தொட்டுக்கொண்டு நின்றால் ‘அ’ எழுதினால் ‘ஆ’ ஆகும். இயந்திரம் அளவுக்கு மீறித் துள்ளுமானால் இரண்டு காரியங்களைப் பார்க்க வேண்டும்: கொண்டுவரும் வழியில் உருளை ஆடாதிருக்கப் பின்புறத்தில் பூட்டிய திருகாணிகள் கழற்றப்பட்டனவா என்பது ஒன்று; நான்கு கால்களும் மட்டமாக நிற்கின்றனவா என்பது மற்றையது.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீரைச் சூடாக்கித் தோய்க்கும் இயந்திரம் 2000 வாற்று அளவு மின்சாரத்தை இழுக்கும். நமது 230 வோல்ற்றில் அது ஏறத்தாழ 9 அம்பியர். ஸ்திரிக்கைப் பெட்டியும் இலேசானதன்று. இவற்றையும் கணினியையும் ஒரே எக்ஸ்ரென்ஷன் வயரில் மாட்டுவது வயரைச் சூடாக்கித் தீயை வருந்தி அழைப்பது. இயந்திரத்துக்குச் சுவரிலே தனிச் சொக்கெற் வேண்டும். மேசைப் பக்கத்துச் சொக்கெற் நீர் தெறிக்காத உயரத்தில் வேண்டும். வீட்டின் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று இடைக்கிடை அமுக்கிப் பார்க்க வேண்டும். தோய்த்து முடிந்ததும் குழாயைப் பூட்டிவிட வேண்டும். விடைத்தாள் கட்டுகளை ஒருபோதும் தரையில் வைக்கலாகாது.

இவையெல்லாம் ஒரு சனிக்கிழமை வேலை. உண்மையான பகை ஈரம். இதனைப் பலரும் உணர்வதில்லை. உணர்வதற்குள் புத்தகம் போய்விடுகிறது. ஆகவே சற்று விரிவாகச் சொல்வேன்.

நான்கு கிலோ உலர்ந்த துணியைத் தோய்த்து இயந்திரத்திலே நன்றாகப் பிழிந்தாலும், அதில் ஏறத்தாழ இரண்டு லீற்றர் நீர் எஞ்சியிருக்கும். அதை அறைக்குள் கொடி கட்டிக் காயவிட்டால் அந்த இரண்டு லீற்றரும் அறையின் காற்றுக்குள் வரும். காற்று எவ்வளவு நீரைத் தாங்கும்? 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத்தான் தாங்கவல்லது. என் அறை 9 அடி உயரமுடையது. அதன் கொள்ளளவு சுமார் 20 கனமீற்றர். எனவே அறைக்காற்று முழுவதும் சேர்ந்து தாங்கக்கூடியது 600 கிராம். கொழும்பின் காற்றோ பெரும்பாலான நாட்களில் முக்காற் பங்கு ஈரத்தை ஏற்கெனவே ஏந்திக்கொண்டிருப்பது. மீதி இடம் 150 கிராமுக்கு, அதாவது ஒரு தேநீர்க் கோப்பை நீருக்கு, மாத்திரமே. கோப்பையளவு இடத்தில் இரண்டு லீற்றரை ஊற்றினால் மீதி எங்கே போகும்? சுவரில் ஏறும், அலுமாரியின் பின்பலகையில் ஏறும், கடைசியில் தாளுக்குள் ஏறும். காற்றின் ஈரம் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் நாட்கணக்கில் நிலைத்துவிட்டால் தாளிலும் பசையிலும் பூஞ்சணம் பற்றிக்கொள்ளும். பூஞ்சணத்தைத் தின்னவும் பசையைத் தின்னவும் இராமபாணப் பூச்சி வரும். வெள்ளவத்தையிற் கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்கிறது. உப்பு ஈரத்தை இழுப்பது. அங்கே நாள் முழுவதும் காய்ந்த துணியும் கையில் எடுத்தால் சற்றே நமர்த்திருக்கும்.

ஆதலால், தோய்ப்பதும் எழுதுவதும் ஓர் அறையில் ஒன்றாக வாழலாம்; காயப்போடுவதும் எழுதுவதும் வாழ முடியாது. இதுவே நான் கண்ட முதல் விதி. எவ்வளவு சிறிய வீடானாலும் கொடியை அறைக்கு வெளியே, பலகணியிலோ மொட்டை மாடியிலோ கட்டிவிட வேண்டும். வைகாசி முதல் புரட்டாதி வரையான தென்மேற்குப் பருவமழையிலும், ஐப்பசி மழையிலும் வேறு வழியின்றி உள்ளே காயப்போட நேர்ந்தால், யன்னலைத் திறந்து மின்விசிறியை வெளிமுகமாகத் திருப்பி வைத்து, அன்றைக்குப் புத்தக அலுமாரியின் கதவை இறுகச் சாத்த வேண்டும். அலுமாரி வெளிச்சுவரை ஒட்டி நிற்கலாகாது; நான்கு விரல் இடைவெளி காற்றுப் போக வேண்டும். வேப்பிலையும் நெப்தலீன் உருண்டையும் பூச்சிக்கு ஓரளவு பயன்படும், பூஞ்சணத்துக்குப் பயன்படா. மடித்த துணியையும் புத்தகத்தையும் ஒரே தட்டில் அடுக்குவதைப் போன்ற பேதைமை பிறிதில்லை. துணி எவ்வளவு காய்ந்திருந்தாலும் தன்னிடமுள்ள ஈரத்தைப் பக்கத்திலிருக்கும் தாளுக்குக் கொடுத்துவிடும்.

2022ஆம் ஆண்டு இன்னொன்றைக் கற்பித்தது. அவ்வாண்டு மார்ச் மாத முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. எழுத்தெழுத்தாகப் பிரித்த பிரதேச அட்டவணையைப் பார்த்தே வீடுகளில் வாழ்க்கை நடந்தது. மின்சாரம் வரும் மணித்தியாலத்தில் இயந்திரமும் ஓட வேண்டும், கணினியும் ஓட வேண்டும், ஸ்திரிக்கையும் நடக்க வேண்டும். தோய்த்துக்கொண்டிருக்கையில் மின் நின்றால் முன்கதவு இயந்திரம் வயிறு நிறைய நீரோடும் உடுப்போடும் பூட்டிக்கொண்டு நிற்கும். அடியிலுள்ள வடிகட்டியின் மூடியைத் தளர்த்தி, தட்டமொன்றை வைத்து, மெல்ல மெல்ல நீரை வடிப்பதே வழி. அப்போது யன்னல் வெளிச்சத்தில் பேனையால் எழுதப் பழகினேன். மேசையை யன்னலோரம் வைக்க வேண்டும் என்று மேலே சொன்னதன் காரணங்களில் அதுவும் ஒன்று.

எழுத்தாளர் இத்தகைய அறைகளில் எழுதியது புதிதன்று. 2013ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற கனடியச் சிறுகதையாசிரியை அலிஸ் மன்றோ தோய்க்கும் இயந்திரத்துக்கும் உலர்த்தும் இயந்திரத்துக்கும் ஸ்திரிக்கைப் பலகைக்கும் நடுவிலே தட்டச்சுப்பொறியை வைத்து எழுதியதை அவருடைய மகள் தம் நினைவு நூலிற் பதிவு செய்திருக்கிறார். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்த ஸ்டீபன் கிங், நகர்த்து வீடொன்றின் தோய்க்கும் அறையில், குழந்தைகளின் மேசையைத் தொடையிற் தாங்கிக்கொண்டு, மனைவியின் தட்டச்சுப்பொறியில் எழுதினார். 1974ஆம் ஆண்டு வெளிவந்த ‘கேரி’ என்ற அவரது முதல் நாவல் அவ்வாறு பிறந்தது. ரேமண்ட் கார்வரின் அனுபவம் இவற்றிலும் கசப்பானது. 1960களின் நடுப்பகுதியில் அயோவா நகரத்தில் ஒரு பொதுச் சலவைக் கூடத்தில், ஐந்தாறு சுமை பிள்ளைகளின் உடுப்போடு, உலர்த்தும் இயந்திரம் ஒன்று ஓயக் காத்து நின்றபோது, தம் எழுத்தின்மேல் ஆட்சி செலுத்துவது எந்த மேதையின் செல்வாக்கும் அன்று, தம் இரு பிள்ளைகளே என்று அவர் கண்டார். ஒரே இருப்பில் முடிக்கக்கூடிய சிறுகதையையும் கவிதையையும் அவர் பற்றிக்கொண்டதற்கு அதையே காரணமாகச் சொல்லியுமிருக்கிறார். நம்மிடையே சிறுகதை செழித்து நாவல் மெலிந்ததற்குக் காரணம் தேடும் விமரிசகர்கள், ஒருமுறை நம் எழுத்தாளர்களின் வீட்டுக் கொடியையும் எட்டிப் பார்க்கலாம்.

வேர்ஜினியா வூல்ஃப் 1928ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் பேசியதும் 1929ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டதும் எல்லாரும் அறிந்தவை. பெண் எழுத வேண்டுமானால் ஆண்டுக்கு 500 பவுண் வருவாயும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்றார். அந்த அறையின் கதவுக்கு ஒரு பூட்டும் வேண்டும் என்று அவர் சொன்னதை நாம் அவ்வளவாக நினைவிற்கொள்வதில்லை. எங்கள் சங்கடம் அந்தப் பூட்டில்தான் இருக்கிறது. தோய்க்கும் அறையைப் பூட்ட முடியாது. வீட்டில் நால்வருக்கும் உடுப்பு உண்டு. நால்வருக்கும் அவ்வறைக்குள் வர உரிமை உண்டு. அதுவன்றி, வருகிறவர்கள் வேலையைச் செய்ய வருவதில்லை. அங்கே இருப்பவரிடம் வேலையை ஒப்படைக்க வருகிறார்கள்.

நான் மேசையைக் கொண்டுபோன முதல் வாரத்திலேயே இது தொடங்கியது. “நீர் அங்கைதானே இருக்கிறீர், அதை ஒருக்கா எடுத்துக் காயப்போட்டுவிடுமன்” என்பார் கணவர், நடு அறையிலிருந்து. “அம்மா, மெஷின் நிண்டிட்டுது, சத்தம் கேக்குது” என்பான் மகன். இயந்திரம் முடிந்ததென்று கூவும் ஒலி வீடு முழுவதற்கும் கேட்கும். அது எனக்குச் சொல்லப்பட்ட செய்தி என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அதற்குமுன் கணவர் கிழமையில் இரண்டு நாள் தாமாகவே தோய்த்தவர். மேசை அங்கே போனதும் அந்த இரண்டு நாளும் ஓசையின்றி என் கணக்கில் ஏறிவிட்டன. அவர் கெட்ட எண்ணத்தால் அப்படிச் செய்தாரல்லர். கிட்ட இருப்பவரே செய்வார் என்பது வீடுகளில் எழுதாச் சட்டம். குசினிக்குக் கிட்ட இருந்தவள் சமைத்தாள். தொட்டிலுக்குக் கிட்ட இருந்தவள் பிள்ளையைத் தூக்கினாள். அவளை அங்கே கிட்ட வைத்தது யார் என்று எவரும் கேட்டதில்லை. இரண்டு அறைகளை ஒன்றாக்கும்போது இரண்டு கடமைகளும் ஒருவர் மடியில் ஒன்றாகிவிடுகின்றன. அளவு நாடா காட்டாத இடநெருக்கடி இது.

இதற்கு நான் வீட்டாரோடு வழக்காடவில்லை. ஒரு பாட நேர அட்டவணை எழுதிக் கதவில் ஒட்டினேன். ஆசிரியைக்குத் தெரிந்த ஆயுதம் அதுதானே. பின்னேரம் நாலரை முதல் ஆறரை வரை இயந்திரம் ஓடலாகாது. அது மேசையின் நேரம். விடியற்காலை ஐந்து மணிக்கு மேல் அது இயந்திரத்தின் நேரம். அழுக்குக் கூடையை அறைக்குள்ளிருந்து எடுத்து நடையில் வைத்தோம். உடுப்புப் போட வருபவர் என் கதவைத் திறக்க வேண்டியதில்லை. இயந்திரத்தில் ஒன்றைப் போட்டவர் எவரோ அவரே எடுத்துக் காயப்போட வேண்டும்; கூவுகின்ற ஒலி அவருக்குரியது. கதவு சாத்தியிருக்கும்போது நான் வீட்டில் இல்லை. இந்த நான்காவது விதியைக் கேட்டு மாமி சிரித்தார். “வீட்டுக்குள்ளை இருந்துகொண்டு இல்லையெண்டு சொல்லுறது நல்லாயிருக்குது பிள்ளை” என்றார். அவர் தம் வாழ்நாளில் இல்லையென்று சொல்லக்கூடிய ஓர் இடம் கிணற்றடி மாத்திரமே என்றும் பிறகொரு நாள் சொன்னார். அங்கே தோய்த்துக்கொண்டு நின்றால் ஒருவரும் கூப்பிடமாட்டார்களாம். தோய்க்காத உடுப்பையும் எடுத்துக்கொண்டு போனதுண்டாம்.

ஒலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆறரைக்குப் பிறகு இயந்திரம் ஓடும்போதும் நான் சில நாட்களில் இருந்து எழுதுகிறேன். தோய்க்கும் பகுதியின் ஒலி ஒரே சீரானது, மனத்தைக் குலைப்பதில்லை. பிழியும் பகுதி மட்டுமே பொறுக்க முடியாதது. அது சில நிமிடங்கள். அந்த நேரத்தில் எழும்பித் தேநீர் ஊற்றிக்கொள்கிறேன். அரைமணித்தியாலத் தோய்ப்புக்கு ஐந்து விடைத்தாள் என்பது என் கணக்கு. உயர்தர மாணவர் எழுதும் கட்டுரைக்கு அது ஏற்ற வேகந்தான்.

அட்டவணை எப்போதும் நடக்கிறது என்று சொல்லமாட்டேன். விருந்தினர் வந்தால் குலைகிறது. மழை பிடித்தால் குலைகிறது. கணவர் காயப்போட்ட சேலை ஒருநாளும் மடிப்பில்லாமற் காய்ந்ததில்லை. மகனின் பள்ளிச் சீருடை, எல்லாரும் அறிந்தபடி, வெள்ளை. அதை இப்போது அவனே தோய்த்து, அவனே வாளியில் நீலம் போட்டு, அவனே கொடியில் இடுகிறான். நீலம் கூடிவிடுகிறது. சேட்டின் கழுத்துப்பட்டியில் வான நிறத்தில் ஒரு திட்டு ஒவ்வொரு திங்கட்கிழமையும் பாடசாலைக்குப் போய் வருகிறது. சாத்திய கதவுக்குள் இருந்துகொண்டு, அவன் வாளியில் நீர் பிடிக்கும் சத்தத்தைக் கேட்கிறேன். எத்தனை துளி என்று சொல்ல எழும்புவதில்லை.